பாத்தித் தண்ணீரில் ஞானஸ்நானம்

கடலூர்
7-7-74

சேசு மரி சூசை

அன்புள்ள அமலோற்பவத்துக்கு,

ஆண்டவர் கிருபையால் திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்துவிட்டேன். கோயிலுக்குப் பின்னால் பழைய ஓட்டுக் கட்டடம்தான் எங்கள் விடுதி. மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும், மணி அடித்தால் வாயை மூட வேண்டும். என்னோடு உபதேசியார் படிப்புக்கு வந்திருப்பவர்கள் எல்லாரும் மீசை சரியாக முளைக்காத பையன்கள். என்னை அண்ணே என்கிறார்கள். என் கால் வெடிப்பைப் பார்த்துவிட்டு ஒருத்தன், "அண்ணே, உப்பு இப்படியா தின்னும்?" என்று கேட்டான். நான் செருப்பு போட ஆரம்பித்திருக்கிறேன்.

சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமையில் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பது, சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பது, அடக்கம் பண்ணுவது, இதெல்லாம் சொல்லித் தருவார்களாம். படிப்பு முடிந்ததும் நம் ஊருக்கே என்னை அனுப்ப பங்குச் சாமியார் நினைத்திருக்கிறார். தங்கராசு உபதேசியாருக்குக் கண் தெரியவில்லை, அவர் விலகிக்கொள்வார், கோயில் பக்கத்து வீட்டை நமக்குக் கொடுப்பார்கள். ஓலை இல்லை, ஓடு போட்ட வீடு.

கிளம்பும்போது உன் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன். பார்த்திருந்தால் பஸ் ஏறியிருக்க மாட்டேன். பிள்ளையைப் புதைத்த மாதமே உங்களுக்குத் தேவ அழைத்தல் வந்துவிட்டதா என்று கேட்டாய். அதற்கு இப்போதும் பதில் தெரியவில்லை. தவக்காலத்தில் ஒரு நாள் லாரிக்கு மூட்டை ஏற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். குரல் எதுவும் கேட்கவில்லை. இதைச் செய் என்று ஒன்று மனதுக்குள் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். எழுந்து போகும் என்று பார்த்தேன். போகவே இல்லை.

உன்னிடமிருந்து இரண்டு வரி வந்தால் போதும்.

இப்படிக்கு,
ராயப்பன்

~

மரக்காணம்
25-7-74

மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று முதலில் எழுத வேண்டும் என்று கன்னியர் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எழுதிவிட்டேன்.

வெயில் நன்றாக அடிக்கிறது. பாத்தியில் உப்பு சீக்கிரம் பூத்துவிடுகிறது. வாருகிறோம், கூடையில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம், திரும்பி வந்தால் மறுபடி பூத்திருக்கிறது. மேஸ்திரி கலியபெருமாள் என்னைப் பார்த்து, "நீ இப்பல்லாம் பேசாம வேலை பாக்குற, நல்லா இருக்குது" என்றார். அவர் புகழ்ந்துதான் சொன்னார்.

உங்களுக்கு அன்றைக்கு நடந்தது முழுதாகத் தெரியாது. நீங்கள் திண்டிவனத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தீர்கள். திரும்பி வந்தபோது மண் மூடியாகிவிட்டது. நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

பிள்ளைக்கு இரண்டு மாதம். மாசி மாதப் பூசைக்குச் சாமியார் வந்தபோதே ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம். உங்கள் அண்ணன்தான் ஞானத்தகப்பன், அவர்தான் பெயர் வைக்க வேண்டும், அவருக்கு அரக்கோணத்தில் லீவு கிடைக்கவில்லை, ஈஸ்டருக்கு வைத்துக்கொள்வோம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் தம்பி, தம்பி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குக் கொட்டகைக் கழியில் தூளி கட்டிப் போட்டிருந்தேன். உச்சி வெயிலில் கூட வேலை பார்க்கும் அம்சவள்ளி கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் ஜன்னி. கண் மேலே போய்விட்டது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. குடிக்கிற பானையில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. சாகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று கன்னியர்கள் சொன்னது ஞாபகம் வந்தது. தூக்கிக்கொண்டு பாத்தியில் இறங்கினேன். கையால் அள்ளி மூன்று தரம் நெற்றியில் ஊற்றினேன், சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. நெற்றியில் தண்ணீர் காய்ந்து வெள்ளையாக உப்பு நின்றது. அதை நான்தான் துடைத்தேன்.

தங்கராசு உபதேசியார் வந்தார். ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் நின்றார்கள். "எந்தத் தண்ணி?" என்றார். பாத்தித் தண்ணீர் என்றேன். "அது தண்ணி இல்லம்மா, பாதி உப்பு" என்றார். இன்னும் கேட்டார். நான் நின்றேன். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை, கல்லறைக்குள் வைக்க முடியாது என்று சொல்லி வேலிக்கு வெளியே வைத்தார்கள்.

அவர் பார்க்கும் வேலையைத்தான் நீங்கள் படிக்கப் போயிருக்கிறீர்கள். நன்றாகப் படியுங்கள். அந்த ஓட்டு வீட்டுக்கு நான் வரமாட்டேன்.

அமலோற்பவம்

~

கடலூர்
20-8-74

சேசு மரி சூசை

அன்புள்ள அமலோற்பவத்துக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். பெயர் வைப்பதைத் தள்ளிப்போட்டது நான்தான் என்று நீ எழுதியது உண்மை. அதை மறுத்து ஒன்றும் எழுதப்போவதில்லை.

இப்போது நல்ல செய்தி ஒன்று சொல்கிறேன். உட்கார்ந்து படி. இந்த வாரம் ஞானஸ்நானப் பாடம் நடந்தது. நான் எழுந்து நின்று, "சாமி, உப்பளத்துப் பாத்தியில இருக்கிற தண்ணியில கொடுத்தா செல்லுங்களா?" என்று கேட்டேன். பையன்கள் சிரித்தார்கள். சாமியார் சிரிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர், கடல் தண்ணீர் எல்லாம் ஆண்டவர் படைத்த தண்ணீர்தான், பாத்தியில் நிறுத்திய கடல் தண்ணீரும் அப்படித்தான், கையில் அள்ளினால் ஒழுகுகிறது என்றால் அது தண்ணீர்தான் என்றார். வகுப்பு முடிந்த பிறகு நான் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "உன் பெண்டாட்டி செஞ்சது சரி" என்றார். இந்த வார்த்தையை அப்படியே எழுதுகிறேன், அமலோற்பவம். நீ செய்தது சரி.

அப்படியென்றால் நம் பிள்ளை ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை. மோட்சத்தில் இருக்கிறான். அவனை வேலிக்கு வெளியே வைத்தது தவறு. தோண்டி எடுத்து உள்ளே வைக்கலாம், ஜெபம் சொல்லி அடக்கம் பண்ணலாம். இன்றைக்கே தங்கராசு உபதேசியாருக்கு விவரமாகக் கடிதம் போட்டுவிட்டேன். சாமியார் சொன்னதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இந்தப் படிப்புக்கு நான் ஏன் வந்தேன் என்பது இப்போது கொஞ்சம் புரிவதுபோல் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆண்டவர் என்னை இங்கே கொண்டுவந்தாரோ என்னவோ. நேற்று கோயிலில் உட்கார்ந்து சந்தோஷமாக ஜெபமாலை சொன்னேன். நீயும் சந்தோஷப்படுவாய் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ராயப்பன்

~

மரக்காணம்
6-9-74

மாமாவுக்கு,

சந்தோஷப்படச் சொல்லியிருந்தீர்கள். கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. துக்கமும் இப்போது வருவதில்லை, அதனால் நீங்கள் வருத்தப்பட வேண்டாம். பசி வருகிறது, தூக்கம் வருகிறது. பனியில் விறைத்த கையால் ஒன்றைத் தொட்டால் தொட்டது தெரியாதே, அந்த மாதிரி இருக்கிறது.

உபதேசியாருக்கு எழுதும் முன்பு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவருக்குத்தான் கண் தெரியாதே, ஒரு பள்ளிக்கூடத்துப் பையனை விட்டு உங்கள் கடிதத்தைக் கோயில் வாசலில் வைத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் இருக்கும்போது. உங்கள் சாமியார் சொன்ன கிணற்றுத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் எல்லாம் ஊர் முழுக்கக் கேட்டது. சில பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். "தண்ணி சரின்னே வச்சுக்குவோம். படிச்சவங்க சொல்றாங்க. ஆனா தண்ணிக்காக மட்டும் நான் வெளிய வெக்கல. இன்னொண்ணு கேட்டேன், அதுக்கு இந்தப் பொண்ணு பதில் சொல்லல. அதைக் கேட்டுச் சொல்லட்டும் ராயப்பன்" என்றார். அந்தப் பையனை வைத்து உங்களுக்கும் எழுதுவார். அவர் எழுதினால் நீங்கள் என்னைக் கேட்பீர்கள்.

கேட்காதீர்கள்.

அமலோற்பவம்

~

கடலூர்
22-9-74

சேசு மரி சூசை

அமலோற்பவத்துக்கு,

தங்கராசு உபதேசியார் கடிதம் கிடைத்தது. உன்னிடம் அவர் கேட்டது என்ன என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "பிள்ளைக்கு என்ன பேர் சொல்லி ஊத்தின?" என்று கேட்டாராம். ஒரு தடவை இல்லை, பல தடவை. நீ வாயே திறக்கவில்லையாம். பெயர் தெரியாமல் நின்றவள் வார்த்தையைச் சரியாகச் சொல்லியிருப்பாள் என்று நான் எப்படி நம்புவது என்று எழுதியிருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பேன்.

பெயர் சொல்லாவிட்டாலும் ஞானஸ்நானம் செல்லும் என்கிறார் எங்கள் சாமியார். ஆனால் அன்றைக்கு உன் பக்கத்தில் கிறிஸ்தவர்கள் யாரும் இல்லை. அம்சவள்ளி இந்து, அவளுக்கு நம் வார்த்தை தெரியாது. சாட்சி நீ ஒருத்திதான். நீயே பேசாவிட்டால் யார் பேசுவது?

பயத்தில் மறந்திருந்தால் மறந்தேன் என்று சொல். அவசரத்தில் வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டு, வார்த்தையைச் சொன்னதாகப் பிறகு நினைத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல். நான் திட்டமாட்டேன். ஆனால் சொல். ஒரு மாதமாக எல்லாரிடமும் நீ செய்தது சரி என்று பேசிக்கொண்டிருக்கிறேன். எதை நம்பிப் பேசுகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? கட்டின புருஷனிடம் ஒரு பெயரைச் சொல்வதற்கு என்ன கேடு?

மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு இங்கே லீவு விடுகிறார்கள். வருகிறேன். நேரில் கேட்கிறேன்.

ராயப்பன்

~

மரக்காணம்
14-10-74

மாமாவுக்கு,

நீங்கள் வந்து போன பிறகு இரண்டு நாள் வீட்டைக் கூட்டவில்லை. அவ்வளவுதான் விசேஷம்.

மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்கள். உப்பே போடவில்லை, நான் சாப்பிடும்போதுதான் தெரிந்தது. உங்களுக்கு அதைச் சொல்ல முடியவில்லை, எனக்கு இதைச் சொல்ல முடியவில்லை. நீங்கள் கேட்டபோது தண்ணீர் தூக்கப் போனேன் என்று கோபம். கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுச் சும்மாதான் நின்றேன். திரும்பி வந்தபோது உங்கள் பை இல்லை.

வெறும் தண்ணீரை ஊற்றினாயா என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். உபதேசியார் என்னை நம்பாதது எனக்கு வலிக்கவில்லை. அவருக்கு நான் யாரோ. உங்கள் கையெழுத்தில் அதைப் பார்த்தது வலித்தது. பிள்ளை போன பிறகு எனக்கு வலித்தது அது ஒன்றுதான், அதனால் அதையும் எழுதுகிறேன்.

தண்ணீர் ஊற்றினேன். வார்த்தை சொன்னேன். பெயரும் சொன்னேன். என்ன பெயர் என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டாம், நீங்களும்தான்.

மழை பிடித்துக்கொண்டது. பாத்தியெல்லாம் நிரம்பிவிட்டது, இனித் தை வரைக்கும் உப்பு வேலை இல்லை. கழுவேலி ஏரிப் பக்கம் கொக்கு இறங்கியிருக்கிறது. கல்லறைத் திருநாள் வருகிறது. வேலி முள் எல்லாம் கரையான் அரித்துக் கிடக்கிறது, புதுசாக வைக்க வேண்டும். ஆம்பிளைகள் மீன் பிடிக்கவும் அறுப்புக்கும் போய்விட்டார்கள். இந்த வருஷம் பொம்பிளைகளே வைத்துவிடுங்கள் என்று உபதேசியார் சொல்லிவிட்டார்.

அமலோற்பவம்

~

மரக்காணம்
4-11-74

மாமாவுக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. கோபமாக இருக்கட்டும். வேறு யாராவது உங்களுக்குச் சொல்வதற்கு முன்பு நானே சொல்லிவிடுகிறேன்.

வேலி வைத்தோம். நான், அஞ்சம்மாள், இன்னும் சில பேர். அம்சவள்ளியும் வந்தாள், நம் கல்லறையில் அவளுக்கு யாரும் இல்லை, சும்மா இருக்கிறேனே என்று வந்தாள். மேஸ்திரி கடப்பாரை கொடுத்தார். பழைய முள்ளை இழுத்துப் போட்டு எரித்துவிட்டு, புதுசாக வேலிக்காத்தான் வெட்டிக்கொண்டு வந்தோம். கடல் பக்கம், பனைமரப் பக்கம் எல்லாம் பழைய இடத்திலேயே குழி போட்டாகிவிட்டது. மேற்குப் பக்கம் வந்தபோது நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பழைய வேலி இருந்த இடத்தைத் தாண்டிப் போனேன். பிள்ளைகள் கிடக்கும் இடத்தையும் தாண்டிப் போய் அங்கே முதல் குத்து குத்தினேன்.

அஞ்சம்மாளுக்குத் தலைச்சன் செத்துப் பிறந்தது, அதுவும் அங்கேதான் இருக்கிறது. இன்னும் யார் யார் வீட்டுப் பிள்ளையோ இருக்கிறது. மழையில் மேடு எல்லாம் கரைந்து தரை ஒன்றாகிவிட்டது, எது யாருடையது என்று இனிச் சொல்ல முடியாது. உங்கள் உபதேசியார் உத்தரவு கொடுத்தாலும் நம் பிள்ளையைத் தோண்டி எடுக்க இடம் தெரியாது. அதனால்தான் முள்ளை நகர்த்தினேன். அஞ்சம்மாள் வந்து அடுத்த குழியைப் போட்டாள்.

கல்லறைத் திருநாள் அன்று பங்குச் சாமியார் வந்தார். ஜெபம் சொல்லிக்கொண்டே வேலியோரமாகச் சுற்றி வந்து தீர்த்தம் தெளித்தார். மேற்குப் பக்கமும் வந்தார். அங்கே சிலுவை இல்லை, மேடு இல்லை, வெறும் தரையில் நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தோம். கொஞ்சம் நின்றார். "கல்லறை பெருசாயிட்டாப்ல இருக்குதே" என்றார். அங்கேயும் தெளித்துவிட்டுப் போனார்.

பிறகு உபதேசியாருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். கையால் முள்ளைத் தடவிக்கொண்டே மேற்குப் பக்கம் முழுக்க நடந்து பார்த்தாராம். சாமியாரிடம் முறையிட்டிருக்கிறார்.

நான் இதைச் சந்தோஷத்துக்காகச் செய்யவில்லை. செய்த பிறகும் ஒன்றும் வரவில்லை. கை மட்டும் கிழிந்து சீழ் வைத்திருக்கிறது, மஞ்சள் பற்று போட்டிருக்கிறேன்.

அமலோற்பவம்

~

கடலூர்
29-11-74

சேசு மரி சூசை

அன்புள்ள அமலோற்பவத்துக்கு,

கை ஆறிவிட்டதா? ஆறாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போ, மஞ்சளை நம்பி இருக்காதே.

போன கடிதத்தில் நான் எழுதியது தவறு. நேரில் வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது, பையைத் தூக்கிக்கொண்டேன். சாகக் கிடக்கிறவர்களுக்கு ஆறுதல் சொல்லப் படித்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் இருக்கிறவளிடம் பேசத் தெரியவில்லை.

பங்குச் சாமியார் இங்கே கூட்டத்துக்கு வந்தவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வேலி விஷயம்தான். புறம்போக்கில் ஏறி முள் வைத்திருக்கிறார்கள், தங்கராசு உபதேசியார் பழைய கோட்டுக்கே இழுத்து வைக்க வேண்டும் என்கிறார், நாளைக்கு உபதேசியாராக வரப்போகிறவன் நீ, என்ன சொல்கிறாய் என்று கேட்டார். வேலியை வைத்தது என் பெண்டாட்டி, இழுத்து வைக்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் உன்னை அந்த ஊருக்கு அனுப்ப முடியாதே என்றார். அனுப்பாவிட்டால் போகிறது சாமி என்றேன். அழைத்தவர் எங்கே அனுப்பினாலும் போவேன் என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பெருமுக்கல் பக்கம் எங்காவது ஒரு குப்பத்துக்கு அனுப்புங்கள் என்றேன். நம் ஊருக்கே வர வேண்டும் என்ற ஆசை எனக்கு எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு, "உம் பிள்ளைய மட்டும் ஞானஸ்நானப் பதிவுல எழுத முடிஞ்சா, ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை அங்க இருக்குது, அதுக்குத்தான் வேலின்னு நான் ஆண்டவருக்கும் சொல்லிக்குவேன், மேல இருக்கிற மேற்றிராணியாருக்கும் சொல்லிக்குவேன். மத்த பிள்ளைங்களப் பத்தி நான் கேக்க மாட்டேன். வேலி அங்கேயே இருக்கட்டும். ஆனா எழுதறதுக்குப் பேர் வேணும்" என்றார்.

நீ கேட்க வேண்டாம் என்று எழுதினாய். அதனால் நான் கேட்கவில்லை. அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். நீ சொல்லாவிட்டால் வேலியைப் பழைய கோட்டுக்கு இழுப்பார்கள், அஞ்சம்மாள் பிள்ளையும் வெளியே போய்விடும். சொல்லாவிட்டாலும் உன்னை நம்புகிறேன். இதை நேரில் சொல்லாதது என் தவறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் ஞானஸ்நானம் கொடுத்துப் பழக்கினார்கள். ஒரு தலையணையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். முதலில் பெயர் சொல்ல வேண்டும், பிறகுதான் மற்றது. பையன்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லி முடித்துவிட்டார்கள். என் முறை வந்தபோது எனக்கு எந்தப் பெயரும் வாயில் வரவில்லை. எத்தனையோ புனிதர்கள், அர்ச்சியசிஷ்டவர்கள் இருக்கிறார்கள், ஒருத்தர் பெயரும் வரவில்லை. தலையணையை வைத்துக்கொண்டு நின்றேன். இங்கே வெயில் இல்லை, சாகிற பிள்ளை இல்லை. எனக்கே இப்படி என்றால் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இப்படிக்கு,
ராயப்பன்

~

மரக்காணம்
12-12-74

மாமாவுக்கு,

கை ஆறிவிட்டது.

உங்கள் கடிதத்தை அஞ்சம்மாளிடம் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டியிருந்தால் என் காலில் விழுந்திருப்பாள். அவளுக்காகவும்தான் எழுதுகிறேன்.

நீங்கள் தலையணையை வைத்துக்கொண்டு நின்றதாக எழுதியிருந்தீர்கள். நான் அப்படித்தான் நின்றேன். பாத்தியில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர், கையில் பிள்ளை வெட்டி இழுக்கிறது. பெயர் வைக்கிறவர் அரக்கோணத்தில் இருக்கிறார். அந்தோணியார், சவேரியார், சூசையப்பர், தினமும் சாயங்காலம் நானே பாடுகிற பிரார்த்தனைதான், ஒருத்தர் பெயரும் வரவில்லை. ஒரே ஒரு பெயர்தான் வந்தது. உங்கள் பெயர்.

கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு தடவைகூட அதை நான் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அம்சவள்ளிதான் எனக்காகச் சொல்வாள். கோயிலில் ராயப்பர் பெயர் வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு மற்றவர்களைப் பாட விட்டுவிடுவேன். அன்றைக்குப் பாத்தியில் நின்று சத்தமாகச் சொன்னேன். அந்தப் பெயரைச் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று சொல்லி ஊற்றினேன். அதைச் சொல்லி முடித்ததும்தான் பிள்ளை அடங்கியது.

அப்புறம் உபதேசியார் வந்து, என்ன பேர் சொன்னாய் என்றார். உங்கள் சித்தப்பா நிற்கிறார், பெரியவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் புருஷன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது மட்டும் இல்லை. செத்துக் கிடக்கிற பிள்ளையைக் காட்டி இதுதான் பெயர் என்று சொன்னால், அந்தப் பெயரையும் சேர்த்துத்தானே குழிக்குள் வைப்பார்கள்? நீங்கள் லாரியில் வந்துகொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வழியில் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். பிள்ளை போய்விட்டது, நீங்களாவது வந்து சேர வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். வேலிக்கு வெளியே தூக்கிக்கொண்டு போனபோதும் மூடிக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் முழுசாக வந்து இறங்கினீர்கள்.

பிறகு சொல்லியிருக்கலாம். நீங்கள் படிக்கப் போகிறேன் என்றீர்கள். என் பிள்ளையை வெளியே வைக்கவிட்டு நான் காப்பாற்றிய ஆள் என்னை விட்டுப் போகிறாரே என்று இருந்தது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை, எல்லாம் மரத்துப்போய்விட்டது. கேட்கக் கேட்க இன்னும் சொல்ல முடியாமல் போனது.

இப்போதும் என் வாயால் வராது. சாமியாரிடம் நீங்களே சொல்லுங்கள். எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதினால் சொன்னதாக ஆகுமா என்று அம்சவள்ளியைக் கேட்டேன். எழுதலாம், எழுத்துக்குச் சத்தம் இல்லையே என்றாள். அதனால் எழுதுகிறேன்.

பிள்ளை பெயர் ராயப்பன்.

இதை எழுதிவிட்டு அழுதேன். நிறைய நேரம் அழுதேன், அம்சவள்ளி பயந்துவிட்டாள். எந்த ஊருக்கு அனுப்பினாலும் சொல்லுங்கள், சாமான் கட்டிவிடுகிறேன். இந்த ஊர் என்றால் அந்த ஓட்டு வீட்டுக்கு வருகிறேன்.

அமலோற்பவம்

~

திண்டிவனம்
20-12-74

அன்புள்ள அமலோற்பவத்துக்கு,

இதைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பங்குச் சாமியாரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, "தகப்பன் பேரு?" என்றார். சொன்னேன். தாய் பெயர் கேட்டார், சொன்னேன். "பிள்ளை பேரு?" என்றார். ராயப்பன் என்றேன். பேனாவை நிறுத்திவிட்டு, "உம் பேரை எழுதிட்டேன்ப்பா, பிள்ளை பேரைக் கேக்குறேன்" என்றார். அதுதான் சாமி பிள்ளை பெயர் என்றேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்காமல் எழுதினார். கொடுத்தவர் யார் என்ற இடத்தில் தாய் என்று எழுதினார். வேலி இருக்கிற இடத்திலேயே இருக்கும். தங்கராசு உபதேசியாரிடம் அவரே பேசுவதாகச் சொன்னார். எந்த ஊர் எனக்கு என்று ஈஸ்டருக்குப் பிறகு சொல்வாராம். நான் கேட்கவில்லை.

நீ என்னைக் காப்பாற்றியது எனக்குத் தெரியாது. உன்னை விட்டுவிட்டுப் போனது மட்டும் தெரியும். இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் பார்க்க அழுதுகொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருக்கிற பெரியவர் பஸ்ஸைத் தவறவிட்டேன் என்று நினைத்து, அடுத்த பஸ் வரும் என்று சொல்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வருகிறேன். வீட்டுக்குப் போவதற்கு முன்பு நீயும் நானும் கல்லறையின் மேற்குப் பக்கம் போவோம். அவன் எந்த இடத்தில் இருக்கிறான் என்று தெரியாவிட்டால் பரவாயில்லை. இரண்டு மாதம் தம்பி என்றே கூப்பிட்டோம், நான் அவனை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டும். உனக்கு வாய் வராது, நான்தான் கூப்பிட வேண்டும். தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறான் என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ராயப்பன்